காலியாக விடப்பட்ட மேடைப்படி: பல்கலைக்கழகச் சிலைகளுக்கு மாணவர்கள் கொடுக்கும் குரல்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல்வெளியில் 20 அடிக்கும் அதிகமான உயரத்தில் இரண்டு கறுப்பின இளைஞர்களின் சிலைகள் நிற்கின்றன. அவர்கள் நிற்பது ஒலிம்பிக் பதக்க மேடை. நடுவில் உயர்ந்த படியில் நிற்பவர் கறுப்புக் கையுறை அணிந்த வலக்கையை முஷ்டியாக மடக்கி உயர்த்தியிருக்கிறார். மூன்றாம் இடத்துப் படியில் நிற்பவர் இடக்கையை உயர்த்தியிருக்கிறார். இருவரும் தலை குனிந்திருக்கிறார்கள். இருவர் காலிலும் காலணி இல்லை.

இரண்டாம் இடத்துப் படியில் யாருமே இல்லை.

முதல் முறை பார்க்கும் ஒருவர் அந்தப் படியைக் கண்டு குழம்பவே செய்வார். பணம் போதாமல் மூன்றாவது சிலையை விட்டுவிட்டார்களா? அந்த மூன்றாமவரை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார்களா? அங்குள்ள பலகை சில சொற்களில் பதில் தருகிறது. ஆனால் பலகை சொல்ல முடியாத கதை நிறைய இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் ஒலி வழிகாட்டிகள் உதவுகின்றன. சிலை முன் நின்று கைப்பேசியில் ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்தால் இரண்டு மூன்று நிமிடங்கள் ஒரு குரல் பேசும். பிறகு அடுத்த இடத்துக்கு எப்படி நடப்பது என்று சொல்லும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வளாகத்தில் உள்ள சிலைகளுக்கும் சுவரோவியங்களுக்கும் இத்தகைய பதிவுகளைத் தயாரிப்பது கலை வரலாறு, இதழியல் மாணவர்களுக்குப் பாடப்பணியாகவே தரப்படுகிறது.

இந்த முறை புதிதல்ல. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ஸ்டெடலெக் அருங்காட்சியகம் 1952 ஆம் ஆண்டிலேயே வானொலி அலை மூலம் பார்வையாளர்களின் காதில் விளக்கவுரையை ஒலிக்கச் செய்தது. அதன்பின் அரை நூற்றாண்டு காலம் அந்தக் குரல் நிறுவனத்தின் குரலாகவே இருந்தது. காப்பாளர் எழுதுவார், பயிற்சி பெற்ற ஒருவர் வாசிப்பார், பார்வையாளர் கேட்டுக்கொள்வார். 2005 இல் நியூயார்க்கில் உள்ள மேரிமவுண்ட் மன்ஹாட்டன் கல்லூரியின் பேராசிரியர் டேவிட் கில்பர்ட்டும் அவருடைய மாணவர்களும் இதைக் கலைத்துப் போட்டார்கள். நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள படைப்புகளுக்குத் தங்கள் சொந்தக் குரலில், அதிகாரபூர்வமற்ற ஒலி வழிகாட்டிகளைப் பதிவு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். ‘ஆர்ட் மாப்ஸ்’ என்று அதற்குப் பெயர். பாட்காஸ்ட் என்ற சொல்லே அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. ஒரு கலைப் பொருளைப் பற்றிப் பேச நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை என்பதை அந்த மாணவர்கள் காட்டினார்கள்.

அருங்காட்சியகத்தைவிட வளாகத்தில் இதற்கு அவசியம் அதிகம் என்பது என் கருத்து. அருங்காட்சியகத்துக்குச் செல்பவர் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செல்கிறார். வளாகச் சிலையோ தினமும் கடந்து போகும் வழியில் நிற்கிறது. நாலு வருடம் கடந்து போனவருக்கும் அது யார் என்று தெரியாமல் இருக்கலாம். அத்துடன், வளாகத்தில் எதை நிறுத்துவது, பலகையில் என்ன எழுதுவது என்பதை முடிவு செய்வது நிர்வாகமும் நன்கொடையாளர்களும். அவர்கள் எழுதாமல் விட்டதை யார் சொல்வது?

சான் ஹோசே சிலையையே எடுத்துக்கொள்வோம். 1968 அக்டோபர் 16, மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக். ஆண்கள் 200 மீட்டர் ஓட்டத்தில் டாமி ஸ்மித் 19.83 வினாடிகளில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் 20.06 வினாடிகளில் வெள்ளி. ஜான் கார்லோஸ் 20.10 வினாடிகளில் வெண்கலம். ஸ்மித்தும் கார்லோஸும் சான் ஹோசே மாணவர்கள். பதக்க மேடையில் அமெரிக்க தேசிய கீதம் ஒலித்தபோது இருவரும் தலை குனிந்து முஷ்டியை உயர்த்தினார்கள். காலணி இல்லாமல் கறுப்புக் காலுறையுடன் நின்றது கறுப்பின மக்களின் வறுமையைக் காட்ட. கார்லோஸின் கழுத்தில் தொங்கிய மணிமாலை, வெள்ளையர் கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்டவர்களுக்காக.

இந்தச் செயலுக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. சான் ஹோசேயில் படித்து, பின்னர் அங்கேயே பாடம் நடத்திய ஹாரி எட்வர்ட்ஸ் 1967 இல் தொடங்கிய ‘மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம்’ அது. கறுப்பின விளையாட்டு வீரர்கள் நாட்டுக்காகப் பதக்கம் வாங்கித் தர வேண்டும், ஆனால் அவர்களுக்கு வளாகத்தின் அருகே வாடகைக்கு வீடு கிடைக்காது. அந்த நிலைமையிலிருந்து எழுந்த இயக்கம். ஒலிம்பிக்கைப் புறக்கணிப்போம் என்று எச்சரித்து அது வைத்த கோரிக்கைகளில் ஒன்று நம் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும்: வியட்நாம் போரில் சேர மறுத்ததற்காக 1967 இல் பறிக்கப்பட்ட முஹம்மது அலியின் உலக ஹெவிவெயிட் பட்டத்தைத் திருப்பித் தர வேண்டும். நிறவெறி அரசுகள் ஆண்ட தென்னாப்பிரிக்காவையும் ரொடீஷியாவையும் ஒலிம்பிக்கில் சேர்க்கக் கூடாது என்பது இன்னொன்று. மொத்தப் புறக்கணிப்பு நடக்கவில்லை. ஆனால் அன்று லூ அல்சிண்டர் என்று அறியப்பட்ட கூடைப்பந்து வீரர் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கு வர மறுத்துவிட்டார். அதே ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவிய அவரைத்தான் இன்று கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறியும்.

சிலையைப் பார்ப்பவர் இரண்டு முஷ்டிகளைப் பார்க்கிறார். அதற்குப் பின்னால் வாடகை வீடும், அலியின் பட்டமும், தென்னாப்பிரிக்காவும் இருப்பதை ஒரு குரல் சொன்னால்தான் தெரியும்.

காலிப் படிக்கு வருவோம். பீட்டர் நார்மன் வெள்ளையர். மேடை ஏறும்முன் இருவரும் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த இயக்கத்தின் வில்லையைத் தானும் கேட்டு வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார். கார்லோஸ் தன் கையுறைகளை மறந்து வந்துவிட்டபோது, ஸ்மித்திடம் இருந்த ஒரு ஜோடியை ஆளுக்கு ஒன்றாக அணியுங்கள் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். ஒருவர் வலக்கையையும் மற்றவர் இடக்கையையும் உயர்த்தியதற்குக் காரணம் இதுவே. பல ஆண்டுகள் கழித்து சான் ஹோசேயில் சிலை வைக்க முடிவானபோது, தன் உருவத்தை வைக்க வேண்டாம் என்று நார்மனே கேட்டுக்கொண்டார். அந்த இடம் காலியாக இருந்தால், பார்க்க வருகிற எவரும் அங்கே ஏறி அந்த இருவருடன் நிற்கலாம் அல்லவா?

ஒலி வழிகாட்டியின் வலிமை இந்த இடத்தில்தான் தெரியும். “சிலையைப் பார்த்தபடி நில்லுங்கள். உங்கள் இடப்பக்கம் உள்ள படியில் ஏறுங்கள். இப்போது முன்னால் திரும்புங்கள்” என்று ஒரு மாணவியின் குரல் காதில் சொல்ல, கேட்பவர் ஏறி நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னே இரண்டு உருவங்கள். அவர்களின் முகம் அவருக்குத் தெரியாது. நார்மனுக்கும் மேடையில் அப்படித்தான். பின்னால் நடப்பதைப் பார்க்காமலேயே நின்றார். இதை ஒரு புத்தகத்தில் படிப்பது வேறு, அந்தப் படியில் நின்று கேட்பது வேறு.

இந்தச் சிலையை வைக்கச் செய்தவர்களும் மாணவர்களே. இப்படி இருவர் தங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள் என்பதற்கு வளாகத்தில் ஓர் அடையாளமும் இல்லையே என்று ஒரு மாணவர் எழுப்பிய கேள்வியில் அது தொடங்கியது. மாணவர் அமைப்பு முன்னின்று 3 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது. ரிகோ 23 என்ற பெயரில் இயங்கும் போர்ச்சுகீசியக் கலைஞர் எஃகும் கண்ணாடியிழையும் கொண்டு உருவங்களைச் செய்து, மேலே பீங்கான் சில்லுகள் பதித்தார். 2005 அக்டோபரில் திறப்பு விழா நடந்தபோது மூவரும் வந்திருந்தார்கள். மறு ஆண்டு அக்டோபரில் நார்மன் இறந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துசென்று அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள்.

அதிகாரபூர்வப் பலகை சொல்ல விரும்பாத ஒரு விஷயமும் உண்டு. ‘வேக நகரம்’ என்று புகழ்பெற்ற சான் ஹோசே தடகள அணியை 1988 இல் பல்கலைக்கழகம் நிறுத்திவிட்டது. ஆக, 2005 இல் தன் ஓட்டப்பந்தய வீரர்களுக்குச் சிலை திறந்தபோது, அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓட்டப்பந்தய அணியே இல்லை!

நல்ல ஒலி வழிகாட்டி சிலையோடு நின்றுவிடாது. நடக்கும் பாதையையும் பேச வைக்கும். அதே வளாகத்தில் யோஷிஹிரோ உச்சிடா மண்டபம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆண்களுக்கான உடற்பயிற்சிக் கூடம். 1942 இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் குடும்பம் குடும்பமாகத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பியபோது, அப்பகுதி மக்களைப் பதிவு செய்த இடம் இந்தக் கட்டடம்தான். உச்சிடா அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிக்கொண்டிருக்க, அவருடைய குடும்பத்தினர் முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர். பின்னாளில் அவர் இதே பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஜூடோ பயிற்சியாளரானார். 1997 இல் அந்தக் கட்டடத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. கட்டடத்தின் பெயரை மட்டும் படிப்பவருக்கு இதில் பாதி கதைகூடத் தெரியாது. ஒரு மாணவர் பதிவு செய்யும் இரண்டு நிமிட உரையில் முழுவதும் அடங்கிவிடும்.

இனி, செய்யும் முறை. மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது தொடக்கத்தில்தான். “இந்தச் சிலையை வடித்த கலைஞர் இன்ன ஆண்டு இன்ன ஊரில் பிறந்தார்” என்று ஆரம்பிப்பார்கள். வெயிலில் நின்று கேட்பவர் அரை நிமிடத்தில் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிடுவார். எதிரே இருப்பதில் தொடங்க வேண்டும்: காலைப் பாருங்கள், காலணி எங்கே என்று தேடுங்கள், இந்தச் சில்லுகளைத் தொட்டுப் பாருங்கள். கண் பார்த்ததைக் காது விளக்க வேண்டும். ஓர் இடத்துக்கு இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று. எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்தால் எந்த வாக்கியம் மூச்சை வாங்குகிறது என்று தானே தெரியும். அதை வெட்டிவிட வேண்டும். பதிவை அறைக்குள் செய்வது நல்லது. திறந்த வெளியில் காற்று ஒலிவாங்கியில் அடித்தால் பேச்சு மூழ்கிவிடும். அடுத்த இடத்துக்கு வழி சொல்லும்போது “வடக்கே 50 மீட்டர்” என்பதைவிட “கோபுரத்தை வலப்பக்கம் விட்டு நடங்கள்” என்பது உதவும். பார்வையற்றவர்களுக்கு இந்தப் பதிவுகள் பெரிய வரம். ஆனால் சிலை எப்படி இருக்கிறது என்ற வருணனை அதில் இருந்தால்தான். காது கேளாதவர்களுக்காக எழுத்துப்படியையும் கூடவே வைக்க வேண்டும். இந்த இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அவை நடக்கவே நடக்காது.

இதையெல்லாம்விட முக்கியமானது சரிபார்ப்பு. ஸ்மித், கார்லோஸ் இருவரின் பதக்கங்களும் பறிக்கப்பட்டன என்று இணையத்தில் ஆயிரம் இடங்களில் எழுதியிருக்கும். அது உண்மையல்ல. அவர்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள், கொலை மிரட்டல்களைச் சந்தித்தார்கள். பதக்கங்கள் அவர்களிடமே இருந்தன. வில்லை அணிந்ததற்காகத்தான் நார்மன் 1972 ஒலிம்பிக்குக்குத் தேர்வாகவில்லை என்பதை ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டி மறுக்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றமோ 2012 இல் அவருக்காக மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. இரண்டையும் சொல்வதுதான் நேர்மை. சிலருக்கு இது சிலிர்ப்பைக் குறைப்பதாகத் தோன்றலாம். நார்மனின் 20.06 வினாடி 2024 டிசம்பர் வரை, 56 ஆண்டுகள் ஆஸ்திரேலியச் சாதனையாக நின்றது. கௌட் கௌட் என்ற பதினாறு வயதுப் பள்ளி மாணவர் அதை முறியடித்தார். சிலிர்ப்பு வேண்டுமானால் உண்மையிலேயே போதுமான அளவு இருக்கிறது.

ஆவணங்களைத் தேடிப் போன மாணவர் ஒருவரால் ஒரு சிலையின் பொருளே மாறிய வரலாறும் உண்டு. சான் ஹோசேயிலிருந்து நாட்டின் மறுகோடியில், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில், துப்பாக்கி ஏந்திய ஒரு சிப்பாயின் சிலை 1913 இல் நிறுவப்பட்டது. அடிமை முறையைக் காப்பாற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய தென் மாநிலப் படையின் சிப்பாய் அது. ‘மௌன சாம்’ என்பது வழக்குப் பெயர். போருக்குச் சென்ற மாணவர்களின் நினைவுச்சின்னம் என்றே அது பல பத்தாண்டுகள் அறியப்பட்டது. பின்னர் ஓர் ஆய்வு மாணவர், திறப்பு விழாவில் ஜூலியன் கார் என்ற செல்வந்தர் ஆற்றிய உரையைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தார். சிலை நிற்கும் இடத்திலிருந்து நூறு கஜத் தொலைவில், போர் முடிந்து திரும்பிய புதிதில், ஒரு கறுப்பினப் பெண்ணைத் தன் கையால் சாட்டையால் அடித்ததாக அந்த மேடையிலேயே கார் பெருமையடித்திருந்தார். 2011 இல் இது மாணவர்களிடையே பரவியபின் ‘வெறும் நினைவுச்சின்னம்’ என்று வாதிடுவது கடினமாயிற்று. 2018 இல் ஓர் ஆய்வு மாணவி தன் இரத்தத்தையும் சிவப்பு மையையும் கலந்து அதன் மேல் ஊற்றினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 இரவு போராட்டக்காரர்கள் கயிறு கட்டிச் சிலையைச் சாய்த்தார்கள். 2019 ஜனவரியில் பீடமும் அகற்றப்பட்டது.

இப்போது அங்கே புல்தான் இருக்கிறது. சிலை இருந்தபோது அதன் முன் நின்று அதைப் பற்றி அறிந்துகொள்ள முடியவில்லை. சிலை போனபின் நிற்க இடம் எது என்றே தெரியவில்லை. கல்லால் இரண்டாவதற்கு ஒன்றும் செய்ய முடியாது. குரலால் முடியும். “இங்கே 105 ஆண்டுகள் ஒரு சிலை இருந்தது” என்று தொடங்கி, திறப்பு விழா உரையையும் கயிற்றையும் சொல்ல, ஒரு கைப்பேசி போதும்.

அதே திடலில் இன்னொரு சின்னம் இன்றும் உள்ளது. கொரியக் கலைஞர் டோ ஹோ சு செய்தது. 2002 இல் பட்டம் பெற்ற மாணவர்களின் நன்கொடை. பார்வைக்கு ஒரு வட்டமான கருங்கல் மேசை, சுற்றி ஐந்து கல் இருக்கைகள். மதிய உணவைப் பிரித்து வைத்துச் சாப்பிட ஏற்றதாகத் தெரியும். அப்படிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. குனிந்து பார்த்தால்தான் மேசைக்கு அடியில் 300 சிறிய வெண்கல மனித உருவங்கள் இரு கைகளையும் உயர்த்தி அந்தக் கல்லைத் தாங்கி நிற்பது தெரியும். பல்கலைக்கழகத்தைக் கட்டி எழுப்பிய அடிமைகளுக்கும் சுதந்திரக் கறுப்பினத்தவருக்குமான நினைவுச்சின்னம் இது. அந்த மாநிலத்து அடிமைகளில் முஸ்லிம்களும் இருந்தார்கள். செனகல் பகுதியிலிருந்து பிடித்துவரப்பட்ட உமர் இப்னு சயீத் 1831 இல் அரபு மொழியில் எழுதிய தன்வரலாறு இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. இந்த மேசை கௌரவம் செய்கிறதா, அவர்களை மறுபடியும் சுமை தூக்க வைக்கிறதா என்ற விவாதம் அங்கே நீண்ட காலமாக உண்டு. மாணவர் தயாரிக்கும் ஒலி வழிகாட்டியில் இரண்டு தரப்புக் குரல்களையும் சேர்க்கலாம். ஆனால் முதலில் “சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டுக் குனியுங்கள்” என்று சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் பல்கலைக்கழகம் அனுமதிக்குமா? தன் இணையதளத்திலும் தன் பெயரிலும் வெளியிடுவதாக இருந்தால், நிர்வாகம் உரையைப் படித்துப் பார்க்கவே செய்யும். 1988 இல் அணியை நிறுத்திய கதை, திறப்பு விழாவில் சாட்டையைப் பற்றிப் பேசிய கதை போன்றவை அந்தச் சல்லடையில் எளிதில் தப்பாது. வெளியே சொந்தமாக வெளியிட்டால் சுதந்திரம் உண்டு, ஆனால் ஆயுள் குறைவு. தயாரித்த மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார்கள், இணையதளக் கட்டணத்தை யாரும் கட்ட மாட்டார்கள், சிலைக்கு அருகே ஒட்டிய குறியீட்டை ஸ்கேன் செய்தால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வரும். இதற்குக் கொஞ்சம் பழைய பாணியிலான ஒரு வழி இருக்கிறது: ஒலிப்பதிவு, எழுத்துப்படி, ஆதாரங்களின் பட்டியல் மூன்றையும் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்துப் பதிவு எண் வாங்கி வைப்பது. 1913 ஆம் ஆண்டு உரை சுமார் நூறு ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் கையில் கிடைத்தது அப்படி ஒரு காப்பகத்திலிருந்துதான்.